கண்ணாடி வீடு... கோர்ட் வரை போன கனவு!

கிரகப்பிரவேசம் முடிந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. முதல் பெருமழையில் ஹால் கூரையின் ஓரத்தில் ஈரத் திட்டு ஒன்று தெரியும். மேஸ்திரிக்கு போன் போட்டால், ``பிளான் அப்படிங்க... இன்ஜினீயரைக் கேளுங்க'' என்பார். இன்ஜினீயரைக் கேட்டால், ``வேலை சுத்தமில்லை, மேஸ்திரியைப் பிடிங்க'' என்பார். சரி, பேசிய ரேட் என்ன, மேற்கொண்டு கொடுத்த பணம் எதற்கு என்று கணக்குப் பார்க்க உட்கார்ந்தால், கையில் இருப்பது ஒரு பழைய டைரியும் கசங்கிய நாலு பில்லும்தான். சொந்த வீடு கட்டிய பலருக்கும் இந்த அனுபவம் உண்டு.

விவரம் தெரியாதவர்கள்தான் இப்படி மாட்டிக்கொள்வார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சிகாகோவின் பெயர்பெற்ற பெண் டாக்டர் ஒருவர். 20-ம் நூற்றாண்டின் மிகப் பெரிய கட்டடக் கலைஞர்களில் ஒருவர். இந்த இருவரும் எழுத்தில் எதுவும் இல்லாமல் ஒரு வீட்டைக் கட்டினார்கள். கடைசியில் எதிரெதிர் தரப்பாக கோர்ட்டில் போய் நின்றார்கள். அந்த வீடு இன்று உலகமே பார்க்க வரும் அருங்காட்சியகம். ஆனால், அதைக் கட்டச் சொன்ன பெண்ணுக்கு அது என்னவாக இருந்தது என்பதுதான் இந்த வழக்கின் கதை.

ஒரு விருந்தில் பிறந்த ஆசை

எடித் ஃபார்ன்ஸ்வொர்த், சிறுநீரக நோய் ஆராய்ச்சியில் பெயர் எடுத்த டாக்டர். திருமணம் செய்துகொள்ளவில்லை. வாரம் முழுக்க மருத்துவமனை, நோயாளிகள், ஆய்வுக்கூடம் என்று ஓடிக்கொண்டிருந்தவருக்கு, வார இறுதியில் போய் ஓய்வெடுக்க ஒரு சின்ன வீடு வேண்டும் என்று ஆசை. சிகாகோவிலிருந்து சுமார் 60 மைல் தொலைவில், ப்ளேனோ என்ற சிற்றூருக்கு அருகே, ஃபாக்ஸ் நதிக் கரையில் ஒன்பது ஏக்கர் அளவுக்கு நிலம் வாங்கினார். மரங்கள், புல்வெளி, பக்கத்திலேயே ஆறு. ஆசைப்படாமல் யார் இருப்பார்கள்?

1945-ம் ஆண்டின் இறுதியில், நண்பர்கள் வீட்டு விருந்து ஒன்றில் அவர் லுட்விக் மீஸ் வான் டெர் ரோவைச் சந்தித்தார். ஜெர்மனியில் பௌஹவுஸ் கலைப்பள்ளியின் கடைசி இயக்குநராக இருந்தவர் மீஸ். நாஜிகளின் ஆட்சியில் அந்தப் பள்ளி மூடப்பட்ட பிறகு, 1938-ல் அமெரிக்காவுக்குக் குடியேறி, சிகாகோவில் கட்டடக்கலை பேராசிரியராக இருந்தார். இரும்பும் கண்ணாடியுமாக, தேவையற்ற அலங்காரம் எதுவும் இல்லாமல் கட்டுவதில் அவருக்கு இணை இல்லை என்று பெயர். எடித் தன் வீட்டு ஆசையைச் சொல்ல, மீஸ் உற்சாகமாக ஒப்புக்கொண்டார்.

அதற்குப் பிறகு நல்ல நட்பு வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மீஸும் அவருடைய அலுவலக இளைஞர்களும் எடித்துடன் ஆற்றங்கரைக்குப் போவார்கள், இடத்தைப் பார்ப்பார்கள், அங்கேயே சாப்பிடுவார்கள். 1947-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நடந்த மீஸ் கண்காட்சியில் இந்த வீட்டின் மாதிரி வைக்கப்பட்டது. கட்டுவதற்கு முன்பே வீடு புகழ் பெற்றுவிட்டது. எடித்துக்கும் அதில் பெருமைதான்.

இத்தனை வருடங்களில் ஒரு வேலை மட்டும் நடக்கவில்லை. கட்டணம் எவ்வளவு, மொத்தச் செலவு எவ்வளவைத் தாண்டக் கூடாது, தாண்டினால் என்ன செய்வது... எதற்கும் ஒப்பந்தம் போடவில்லை. நண்பர்களுக்குள் எதற்கு பத்திரம் என்று இருவருமே இருந்துவிட்டார்கள்.

பளபளத்த வீடு, ஏறிய பில்

1949-ல் வேலை தொடங்கியது. எட்டு இரும்புத் தூண்கள். அவற்றின் நடுவே தரையிலிருந்து ஐந்தடிக்கு மேல் உயர்த்திய தளம். மேலே தட்டையான கூரை. நாலு பக்கமும் சுவருக்குப் பதில் தரை முதல் கூரை வரை கண்ணாடி. உள்ளே ஏறக்குறைய 1,500 சதுர அடி; தனித்தனி அறைகள் கிடையாது. நடுவில் மரத்தால் செய்த ஒரு பெட்டி போன்ற அமைப்பு. அதற்குள் இரண்டு குளியலறைகள். அதை ஒட்டி ஒரு பக்கம் சமையலிடம், மறுபக்கம் கணப்பு அடுப்பு. அவ்வளவுதான் வீடு.

பார்க்க எளிமை. ஆனால், செலவு எளிமையாக இல்லை. தரைக்கு ட்ராவர்டைன் என்ற உயர்ரகக் கல். பெரிய பெரிய கண்ணாடிப் பலகைகள். இரும்புத் தூண்களில் வெல்டிங் தடம்கூட தெரியாமல் தேய்த்து வெள்ளைப் பெயின்ட். வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1950-ல் கொரியப் போர் தொடங்கியது. கட்டுமானப் பொருள்களின் விலை எகிறியது.

தன்னிடம் சொல்லப்பட்ட உச்சவரம்பு 40,000 டாலர் என்பது எடித்தின் நிலை. 1951-ல் வேலை முடியும் கட்டத்தில் மொத்தச் செலவு சுமார் 74,000 டாலரைத் தொட்டிருந்தது. அன்றைய மதிப்பில் அது சாதாரணத் தொகை அல்ல. பில் வர வர எடித் பணம் கட்டிக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில், ``இனி முடியாது'' என்று நிறுத்திவிட்டார். நட்பும் அங்கேயே நின்றது.

இருவருக்கும் இடையே காதல் இருந்தது, அது முறிந்ததால்தான் சண்டை என்று அப்போதே பேசினார்கள், இப்போதும் எழுதுகிறார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கோர்ட்டுக்குப் போன விஷயம் பணமும் வீடும்தான்.

குடியேறிய பிறகு தெரிந்தவை

எடித் அங்கே தங்க ஆரம்பித்த பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

தட்டைக் கூரை ஒழுகியது. குளிர்காலத்தில் உள்ளே சூடேற்றினால், ஒற்றைக் கண்ணாடியின் உட்புறம் முழுக்க நீர் படிந்து வழிந்தது; வெளியே பார்ப்பதற்காகவே கட்டிய வீட்டில் வெளியே பார்க்க முடியவில்லை. கோடையில் நேர்மாறு. நாலு பக்கமும் வெயில் ஏற, காற்று வர இருந்தவை வாசல் கதவும், ஒரு கோடியில் இரண்டு சிறிய ஜன்னல்களும்தான். ராத்திரி விளக்குப் போட்டால், இருட்டுக்கு நடுவே வீடே ஒரு லாந்தர் போல ஒளிரும். ஆற்றங்கரைப் பூச்சிகளெல்லாம் அங்கே வந்துவிடும். கொசுவலை அடிக்க வடிவமைப்பில் இடமில்லை. பிறகு எடித்தே வராண்டாவுக்கு வலை போட்டுக்கொண்டார்.

துணிமணி வைக்க மறைவான இடம் போதவில்லை. தனியாக ஒரு அலமாரி செய்ய வேண்டியிருந்தது. புகழ் பரவியதால் வார இறுதிகளில் வேடிக்கை பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். குப்பைக்கூடையை எங்கே வைத்தாலும் வெளியே தெரியும் என்கிற அளவுக்குத் தன் வாழ்க்கை கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்டதை எடித் பின்னாளில் பத்திரிகையிடம் சொல்லி நொந்துகொண்டார்.

இந்தக் குறைகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டுத் தகராறுகளில் பாதிக் குழப்பம் இங்கேதான். கூரை ஒழுகுவது பெரும்பாலும் வேலைத்தரக் குறை. வரைபடம் சரியாக இருந்தும், செய்தவர் சரியாகச் செய்யாதது. கண்ணாடியில் நீர் படிவதும், காற்று வராததும் வடிவமைப்புக் குறை. வரைபடத்தில் இருந்ததை அச்சுப் பிசகாமல் செய்தாலும் அந்தப் பிரச்னை வரத்தான் செய்யும். முதலாவதற்குக் கட்டியவர் பொறுப்பு. இரண்டாவதற்கு வரைந்தவர் பொறுப்பு. இரண்டும் ஒன்றாகக் கலந்திருந்தால், இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டித் தப்பிக்கப் பார்ப்பார்கள். எடித்தின் வீட்டில் வரைந்ததும், மேற்பார்வை செய்து கட்டி முடித்ததும் மீஸின் அலுவலகமே. எனவே, அவருடைய புகாரெல்லாம் ஒருவரை நோக்கியே இருந்தது.

மூவாயிரம் பக்க சாட்சியம்

முதலில் கோர்ட்டுக்குப் போனவர் எடித் அல்ல, மீஸ். வேலைக்கான பாக்கி, வடிவமைப்புக்கும் மேற்பார்வைக்குமான கட்டணம் என்று சுமார் 28,000 டாலர் தர வேண்டும் என 1951-ல் வழக்குப் போட்டார். எடித் சும்மா இருக்கவில்லை. பேசிய 40,000 டாலருக்கு மேல் செலவான சுமார் 34,000 டாலரைத் திருப்பித் தர வேண்டும் என்று எதிர்வழக்குப் போட்டார். தன்னை ஏமாற்றிவிட்டார், சொன்ன திறமை அவரிடம் இல்லை என்றும் குற்றம்சாட்டினார்.

1952-ல் யார்க்வில் என்ற ஊரின் நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. நீதிபதி நியமித்த விசாரணை அலுவலர் ஒருவர் வாரக்கணக்கில் சாட்சிகளைக் கேட்டார். சாட்சியப் பதிவு மட்டும் மூவாயிரம் பக்கங்களுக்கு மேல் போனது.

அத்தனை பக்கங்களிலும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் எளிமையானவை. செலவுக்கு உச்சவரம்பு சொன்னாரா, இல்லையா? விலை ஏறுகிறது என்று எடித்துக்கு எப்போது தெரியும்? தெரிந்த பிறகும் ஏன் பணம் கட்டினார்? மீஸ் தன் உழைப்புக்குக் கட்டணம் கேட்பாரா, நட்புக்காகச் செய்தாரா?

வாய்ப்பேச்சாக நடந்ததால் ஒவ்வொருவருக்கும் ஒரு ஞாபகம். மீஸ் தரப்போ, ஏறிய செலவெல்லாம் அவருக்குத் தெரியும், தெரிந்துதான் பில்களைக் கட்டினார் என்று வாதாடியது. கூரை ஒழுகல், கண்ணாடியில் நீர் என்ற புகார்களும் பேசப்பட்டன. ஆனால், வழக்கின் மையம் பணமாகிப் போனதால் அவை ஓரமாகவே நின்றன.

1953-ல் விசாரணை அலுவலரின் முடிவு மீஸுக்குச் சாதகமாக வந்தது. மோசடி என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஆனாலும் உடனே எதுவும் தீர்ந்துவிடவில்லை. மேலும் சில ஆண்டுகள் இழுபட்டு, கடைசியில் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. மீஸுக்கு அவர் கேட்ட தொகை முழுதாகக் கிடைக்கவில்லை. எடித்துக்கும் அவர் கேட்டது கிடைக்கவில்லை. வக்கீல் செலவும், மனக்கசப்பும், ஊர்ப்பேச்சும் மட்டும் இருவருக்கும் குறைவில்லாமல் கிடைத்தன.

தீர்ப்புக்குப் பிறகு வந்த வெள்ளம்

1954. விசாரணை அலுவலர் முடிவு சொன்ன மறு வருடம். ஃபாக்ஸ் நதி பெருக்கெடுத்தது. வெள்ளத்துக்காகவே ஐந்தடிக்கு மேல் உயர்த்திக் கட்டிய தளத்தையும் தாண்டி, வீட்டுக்குள் நாலடித் தண்ணீர் நின்றது. ஆற்றின் வெள்ளப்பரப்பிலேயே வீடு நிற்கிறது என்பதுதான் அந்த வீட்டின் ஆகப் பெரிய வடிவமைப்புக் குறை. மூவாயிரம் பக்க சாட்சியம் நடந்துகொண்டிருந்தபோது அது இன்னும் முழுதாக முகம் காட்டவில்லை.

கட்டடக் குறைகளின் இயல்பே இதுதான். பூச்சில் விழும் கோடு முதல் மாதம் தெரியும். ஒழுகல் முதல் மழையில் தெரியும். அஸ்திவாரக் குறை தெரிய சில வருடங்கள் ஆகும். வெள்ளம் அதன் வேளைக்குத்தான் வரும். சட்டமோ காலக்கெடு வைத்துக் காத்திருக்கும்.

எடித் அந்த வீட்டை வெறுத்து ஓடிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குறைகளோடு சண்டை போட்டுக்கொண்டே இருபது வருடங்களுக்கு மேல் வைத்திருந்தார். பக்கத்தில் புதுப் பாலத்துக்காக அரசு அவருடைய நிலத்தில் ஒரு பகுதியை எடுத்தபோது, அதை எதிர்த்தும் வழக்காடித் தோற்றார். 1972-ல் பீட்டர் பலும்போ என்ற பிரிட்டிஷ் செல்வந்தருக்கு விற்றுவிட்டு, இத்தாலியில் குடியேறினார். இத்தாலியக் கவிதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1977-ல் மறைந்தார்.

1996-ல் இன்னொரு பெருவெள்ளம் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. பலும்போ பெரும் பணம் செலவழித்துச் சீரமைத்தார். 2003-ல் ஏலத்துக்கு வந்தபோது, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் அமைப்புகள் சேர்ந்து சுமார் 75 லட்சம் டாலருக்கு வாங்கி அருங்காட்சியகமாக்கின.

இதற்கு முன்பே பிரான்ஸிலும் இப்படி ஒரு கதை நடந்தது. சண்டிகர் நகரத்தை வடிவமைத்த லெ கார்பூசியே, அதற்கு முன்பு பாரிஸ் அருகே புவாஸி என்ற ஊரில் சவோய் குடும்பத்துக்குக் கட்டிய வீடு அது. 1931-ல் முடிந்த அந்த வீட்டில் மழைத் தண்ணீர் ஒழுகியது. வீட்டுக்காரம்மா கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். சட்டப்படி நடவடிக்கை எடுப்பேன் என்றும் எச்சரித்தார். இரண்டாம் உலகப் போர் வந்து, குடும்பம் வீட்டை விட்டுப் போனதால் வழக்கு நடக்கவில்லை. அந்த வீடு இன்று யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. பெரிய பெயர் ஒழுகலைத் தடுக்காது என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

சிகாகோ டாக்டருக்கு வந்த சிக்கல் இங்கே சொந்த மனையில் வீடு கட்டும் யாருக்கும் வரலாம். வந்தால் எங்கே போவது?

பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 'ரெரா' எனப்படும் 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடங்களுக்குள் கட்டுமானக் குறை தெரிந்து புகார் சொன்னால், 30 நாள்களுக்குள் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆனால், அது விற்பதற்காக அடுக்குமாடியோ, வீடுகளோ கட்டும் புரமோட்டர்களுக்கான சட்டம். சொந்த மனையில் கான்ட்ராக்டரை வைத்துக் கட்டிக்கொள்ளும் வீட்டுக்குப் பொதுவாக அது உதவாது.

அங்கே கைகொடுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வீடு கட்டித் தருவதும் ஒரு 'சேவை'தான். அதில் குறை இருந்தால் நுகர்வோர் புகார் செய்யலாம் என்று லக்னோ வளர்ச்சி ஆணையம் தொடர்பான வழக்கில் 1993-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019-ம் ஆண்டின் புதிய சட்டத்திலும் 'வீட்டுக் கட்டுமானம்' சேவைகளின் பட்டியலில் இருக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு கட்டித் தரும் கான்ட்ராக்டரும், வடிவமைத்துத் தரும் ஆர்க்கிடெக்ட்டும் இதற்குள் வருவார்கள்.

கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். அதற்கும் மேல் தேசிய ஆணையம். தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. 50 லட்சம் வரைகூட அதிகபட்சம் 1,000 ரூபாய்தான். பிரச்னை எழுந்ததிலிருந்து 2 வருடங்களுக்குள் போக வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. `அடுத்த மாசம் பண்ணித் தர்றேன்' என்ற வாய்தாவை நம்பியே அந்த 2 வருடத்தைக் கோட்டைவிடுபவர்கள் உண்டு. சிவில் கோர்ட்டில் ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போட பொதுவாக 3 வருடங்கள் அவகாசம். வழக்குக்கு முன் ஆலோசனை வேண்டுமென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஆர்க்கிடெக்ட் தொழில் ஒழுங்கு மீறினார் என்றால், 1972-ம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி அமைந்த கட்டடக் கலைஞர் கவுன்சிலிடம் புகார் செய்யலாம். கவுன்சில் அவரைக் கண்டிக்கலாம், பதிவையே நீக்கலாம். நஷ்டஈடு வாங்கித் தருவது அதன் வேலை அல்ல. அதற்கு நுகர்வோர் ஆணையமோ, சிவில் கோர்ட்டோதான். கவுன்சிலில் பதிவு செய்யாதவர் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளவே சட்டம் அனுமதிப்பதில்லை. எனவே, வேலையை ஒப்படைக்கும் முன் பதிவு எண்ணைக் கேட்பதில் தவறே இல்லை.

வாய்ப்பேச்சு செல்லுமா?

செல்லும். நம் ஒப்பந்தச் சட்டம் வாய்மொழி ஒப்பந்தத்தையும் ஏற்கிறது. ஆனால், என்ன பேசினோம் என்று நிரூபிக்க வேண்டுமே... எடித் சறுக்கிய இடம் அதுதான். பாங்க் மூலம் அனுப்பிய பணம், வாட்ஸ்அப் மெசேஜ், சைட் போட்டோ எல்லாமே ஆதாரம். மின்னணு ஆதாரத்தைத் தாக்கல் செய்யும்போது சட்டம் சொல்லும் சான்றிதழை இணைக்க வேண்டும் என்பதால், போனை மாற்றும்போது பழையதை அழித்துவிடாமல் வைத்திருப்பது நல்லது.

குறை தெரிந்ததும் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தேதியோடு போட்டோ, வீடியோ. பிறகு கான்ட்ராக்டருக்கு எழுத்தில் புகார், ஒரு கெடு. அவர் வரவில்லை என்றால், இந்த வேலையில் சம்பந்தப்படாத இன்ஜினீயர் ஒருவரிடம் ஆய்வு அறிக்கை. அதில், `வீடு சரியில்லை' என்று இருந்தால் போதாது. குறை வடிவமைப்பிலா, வேலையிலா, பொருளிலா; சரிசெய்ய என்ன செலவு என்று தெளிவாக இருக்க வேண்டும். கான்கிரீட்டின் பலத்தில் சந்தேகம் என்றால், சில பொறியியல் கல்லூரிகளின் சிவில் துறைகள் கட்டணம் வாங்கிக்கொண்டு சோதித்துத் தருகின்றன. இத்தனையும் முடிந்த பிறகே இடித்துப் பழுதுபார்க்க வேண்டும். ஆதாரம் பதிவாகும் முன் கோபத்தில் பூச்சை உடைத்துவிட்டால், ஆதாரமும் சேர்ந்து உடைந்துவிடும். அதற்காகக் கூரை ஒழுக ஒழுகப் பார்த்துக்கொண்டே இருக்கவும் கூடாது. இழப்பைக் குறைக்க நியாயமான முயற்சி எடுத்தாரா என்பதையும் சட்டம் பார்க்கும். பழுதுபார்த்த பில்கள் பத்திரம்.

பேஸ்மென்ட் போடும் முன்பே எழுத வேண்டியவை

* வரைபடம்: பிளான், கம்பி விவரம் உட்பட எல்லா வரைபடங்களும் ஒப்பந்தத்தோடு இணைந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்புக் கையெழுத்து.

* பொருள்: சிமென்ட், கம்பி, மணல், கான்கிரீட்டின் கிரேடு, வயர், பைப் எது என்று பெயரோடு. `நல்ல தரம்' என்று எழுதினால் அதற்கு அர்த்தமே இல்லை. லேபர் கான்ட்ராக்ட் என்றால், வாங்கிக் கொடுத்த பொருளைக் கான்ட்ராக்டர் பார்த்து ஏற்றார் என்பதற்கும் கையெழுத்து.

* பணம்: பேஸ்மென்ட், லின்டல், ரூஃப், பூச்சு என்று கட்டம் கட்டமாக. வேலை முடிந்த பிறகே அடுத்த தவணை.

* எக்ஸ்ட்ரா வேலை: இடையில் மாற்றம் வந்தால், செய்வதற்கு முன் ரேட்டும் தொகையும் எழுத்தில். எடித் வீட்டுச் செலவு 40,000-லிருந்து 74,000 ஆனது ஒரே நாளில் அல்ல.

* நிறுத்திவைக்கும் தொகை: கடைசித் தவணையில் ஒரு பகுதியை, ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு தருவதாக எழுதிக்கொள்ளலாம்.

* குறைநீக்கப் பொறுப்பு: ஒப்படைத்த பிறகு எத்தனை வருடம், எந்தக் குறைக்கு, யார் பொறுப்பு, எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும்.

* மேற்பார்வை: ஆர்க்கிடெக்ட் அல்லது இன்ஜினீயர் எந்தெந்தக் கட்டத்தில் சைட்டுக்கு வர வேண்டும். குறிப்பாக, ரூஃப் கான்கிரீட் போடும் முன் கம்பி கட்டியதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

``இத்தனையும் எழுதினா நம்ம மேல நம்பிக்கை இல்லையானு அவர் நினைச்சுக்க மாட்டாரா?'' என்ற தயக்கம் எல்லா வீட்டிலும் வரும். சொந்தக்காரர், தெரிந்தவர், ஊர்க்காரர் என்றால் இன்னும் அதிகமாகவே வரும். எடித்தும் மீஸும் அப்படித் தயங்கியவர்கள்தான். ஆற்றங்கரையில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பக்கம் எழுதி வைத்திருந்தால், அந்த நட்பு ஒருவேளை பிழைத்திருக்கும். நேர்மையான கான்ட்ராக்டருக்கும் எழுத்து பாதுகாப்புதான். விலை ஏறினால் யார் தாங்குவது என்று அதில் இருந்தால், அவரும் கைக்காசு போட்டு வேலையை முடிக்க வேண்டியதில்லை.

அந்த வீட்டை உலகம் பல வருடங்கள் மீஸின் வீடாகவே பேசியது. அதற்குப் பணம் கட்டியவர், குளிரிலும் புழுக்கத்திலும் அதில் இருந்தவர் பின்னணியில் ஒரு சண்டைக்காரப் பெண்ணாகவே மிஞ்சினார். 2021-ல் அருங்காட்சியகத்தின் பெயரை மாற்றினார்கள். இப்போது அதன் பெயர், 'எடித் ஃபார்ன்ஸ்வொர்த் இல்லம்'. கோர்ட்டில் தோற்று 68 வருடங்கள் கழித்து, வீட்டுக்காரரின் முழுப் பெயரும் வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.